பிழைச்சுப் போச்சு

தேயிலைத் தோட்டத்து மேல்டிவிசன் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கஜதீபனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓம் மாப்பிள்ளை என்றால்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து மஸ்கெலியாவுக்குக் கணிதம் படிப்பிக்க வந்தவன், அதே பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்த தனுஜாவைக் கட்டிக்கொண்டு அந்த லயத்துக்கு மருமகன் ஆனான். ஆமா என்று சொல்கிற இடத்தில் அவன் மட்டும் ஓம் என்றான். சாப்பிட்டீங்களா, ஓம். குளிருதா, ஓம். விருந்துக்கு வந்த முதல் நாளே மாமனார் சோலைமலை, “மாப்பிள்ளை பெரிய பக்திமான் போலருக்கே, வாயத் தொறந்தா மந்திரந்தான்” என்றார். தனுஜா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பிக் கொட்டியது. பட்டம் அன்றைக்கு ஒட்டியது.

சித்திரையில் அவள் காய்ச்சல் என்று படுத்தாள். எழும்பவில்லை. பட்டம் மட்டும் மிஞ்சியது.

கஜதீபன் பள்ளிக்கூடத்துக்குப் போனான், வந்தான். டவுனில் இருந்த வாடகை வீட்டில் சோறும் பருப்பும் சமைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்டிவிசனுக்கு ஏறி, மாமி ராசம்மா போட்டதைச் சாப்பிட்டுவிட்டு இறங்கினான். துக்கம் கேட்க வந்தவர்கள் அவன் அழவில்லை என்பதைக் கவனித்தார்கள். அவனும் கவனித்திருந்தான். ஊசி போட்டு மரத்த பல்லைப் போல இருந்தது. நாக்கால் தொட்டால் அங்கே ஏதோ இருப்பது தெரியும். அவ்வளவுதான்.

மார்கழி முடியும் தறுவாயில் பள்ளிக்கூட அதிபர் அவனைத் தன் அறைக்கு அழைத்தார். போன வருஷம் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து மேல்டிவிசன் பிள்ளைகளின் கும்மியைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள் அல்லவா, அது அந்தப் பொங்கலுக்கு வராமல் கிடப்பில் கிடந்தது, வருகிற ஞாயிறு மத்தியானம் தமிழ் நிகழ்ச்சியில் போடுகிறார்களாம் என்றார். ஒரே ஒரு தரம்தான் என்றார். இதையெல்லாம் மேசையிலிருந்த மைக்கூட்டைப் பார்த்தே சொன்னார்.

கும்மியைப் பழக்கியவள் தனுஜா. பக்கத்தில் நின்று பாடியவளும் அவள்தான். அன்றைக்குக் கஜதீபன் பரீட்சைத் தாள் திருத்த நுவரெலியாவுக்குப் போயிருந்தான். கெமரா அவள் பக்கம் திரும்பியதா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் குரல் இருக்கும். பாட்டு இல்லாமல் கும்மி ஏது?

அவளுடைய முகத்துக்குப் படங்கள் இருந்தன. குரலுக்கு எதுவும் இல்லை. கல்யாண வீடியோ கெசட்டில் மலைநாட்டு ஈரம் வெள்ளைப் பூஞ்சணமாய்ப் பிடித்து, மாமனார் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் மூக்கனின் வீடியோ டெக்கில் போட்டபோது, டெக் அதை மென்று நூலாக்கித் துப்பியது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு வழி கிடையாது. கெசட்டையும் டெக்கையும் இனி நம்புவதற்கில்லை. கணினிக்குள் பிடித்து, சிடியில் எழுதிவிட வேண்டும். ஒரு சிடி அவனுக்கு. ஒன்று தனுஜாவின் தங்கை லெட்சுமிக்கு. அவள் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். அக்காவின் சாவுக்கு வரமுடியாமல் போனவள்.

தொலைக்காட்சியைக் கணினியில் பிடிக்கிற அட்டை ஒன்றை ஹட்டனில் வாங்கிக் கணினிக்குள் பூட்டினான். அன்டனா வயர் நுழையக் கணினியின் முதுகில் ஒரு ஓட்டை வந்தது. அட்டையிலிருந்து சத்தத்தைக் கொண்டுபோக ஒரு சின்ன வயரும் இருந்தது. அதன் மறுமுனையை லைன் என்று எழுதியிருந்த நீல ஓட்டையில் குத்தவேண்டும். குத்தினான். சத்தம் வந்தது. வெறும் இரைச்சல்தான், ஆனால் சத்தம். படத்தில் வெள்ளைப் புள்ளி மழை. டவுன் பள்ளத்தில் இருக்கிறது, நீர்த்தேக்கத்தைச் சுற்றி மலை. அங்கே எந்த அன்டனாவுக்கும் எதுவும் எட்டுவதில்லை.

மேல்டிவிசனில் எட்டும்.

ஞாயிறு காலை கணினி ஓட்டோவில் ஏறியது. வழியில் மழை தூறியது. மாமி ரோட்டு முடக்குக்கே இறங்கி வந்து, கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து மொனிட்டருக்குப் போர்த்தினாள். 

“நனையாம இருக்கட்டும். என்னா கனம் கனக்குது! உள்ள என்னா மாப்பிள்ளை, கல்லா வச்சிருக்காங்க?”

“இல்லை மாமி. கண்ணாடிதான்.”

“கல்லுன்னா ஒடையாது. கண்ணாடின்னா பயமாருக்கு” என்று அதைக் கைப்பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

காம்பராவில் சாமிப் படத்துக்குக் கீழே மேசை போட்டிருந்தார்கள். அன்டனா கூரைக்கு மேலே ஒரு சவுக்குக் கம்பில் நின்றது. அதைத் திருப்பும் உரிமை லயத்தில் மூக்கனுக்குத்தான். அவன் தகரத்தில் ஏறி உட்கார்ந்தான். கஜதீபன் உள்ளே திரையைப் பார்த்துச் சொல்ல, வாசலில் நின்று சோலைமலை அதைக் கூரைக்குக் கத்தவேண்டும் என்று ஏற்பாடு.

“வருது, வருது” என்றான் கஜதீபன்.

“வருதாம்!”

“ஆ, போட்டுது.”

“போட்டுச்சாம்!” என்று கத்தினார் சோலைமலை.

“அப்ப நான் எறங்கவா?” என்று கேட்டது கூரை.

“ஏன் எறங்குற? மாப்பிள்ளை, என்னாத்த போட்டுச்சு?”

“போட்டுது மாமா. படம் போட்டுது.”

“படம் போட்டுட்டாங்களாம்டா, எறங்கு!”

கஜதீபன் வெளியே ஓடிவந்தான். “போட்டுது எண்டா போயிட்டுது. படம் இல்லை.”

“அதத் தமிழ்ல சொல்றதுக்கு என்னா மாஸ்டர்?” என்றான் மூக்கன் மேலேயிருந்து. “மழ பேயுது, எனக்கு மேல தகரம் இல்ல.”

பிறகு படம் வந்தது. நன்றாகவே வந்தது, நிறத்தைத் தவிர. செய்தி வாசிக்கும் பெண் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாள். படம் மெதுவாக மேலே உருண்டுகொண்டும் இருந்தது. டவுனில் புள்ளி மழையில் இந்தக் குறை தெரிந்திருக்க வழியில்லை. கஜதீபன் குனிந்து அமைப்புகளைத் திறந்தான். காரணம் உடனே பிடிபட்டது. அட்டை அமெரிக்க முறையில் இருந்தது. இங்கே ஒளிபரப்புகிற முறைக்குப் பெயர் பால்.

“என்னாங்க மாப்பிள்ளை, கலரு இல்ல?” என்று ராசம்மா அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“பால் வைக்கவேணும் மாமி. பால் வைச்சால் சரிவரும்.”

ராசம்மா ஒரு நொடி அவனையே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று குசினிக்குள் போனாள்.

பட்டியலில் பால் என்பதே நான்கைந்து வகையாக இருந்தது. அவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ உருளல் நின்றது. செய்தி வாசிப்பவளின் சேலை மெல்ல மாம்பழ நிறமானது. அதே நேரம் குசினியில் குலவைச் சத்தம் கேட்டது. சாம்பிராணி வாசனை வந்தது. ராசம்மா பித்தளைச் செம்பில் நுரை பொங்கி வழிய வழிய, சேலைத் தலைப்பால் பிடித்தபடி பாலைக் கொண்டுவந்து கணினியின் முன்னால் வைத்தாள். திரையைப் பார்த்தாள்.

“ஆத்தாடி! வச்ச ஒடனே வந்துருச்சே!”

கஜதீபன் செம்பைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மாமி திருநீற்றைத் தொட்டு மொனிட்டரின் நெற்றியில் பூசிக்கொண்டிருந்தாள். அவனுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பி வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தான். மேசையைப் பிடித்துக்கொண்டான். வந்தது சிரிப்பு. நெடுநாளாய்த் திறக்காத கதவைப் போல முதலில் கிரீச்சிட்டது, பிறகு தாராளமாக வந்தது.

“என்னா, மாப்பிள்ளை சிரிக்கிறாரு?” என்று சோலைமலை உள்ளே வந்தார்.

“மாமி... அது குடிக்கிற பால் இல்லை மாமி. அது ஒரு பேர்.”

“பேரா? பாலுங்கிறதா பேரு?”

“ஓம்.”

“அந்த வெள்ளக்காரனுக்குப் பாலுன்னு பேரு வைக்கத் தெரிஞ்சிருக்கு, கலரு வரவைக்கத் தெரியல பாத்தீங்களா?” என்றாள் ராசம்மா, கொஞ்சமும் அசராமல். “பால் பொங்குனதும் வந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்.”

சோலைமலை மனைவியின் முகத்தைப் பார்த்தார். சாவு விழுந்த வீடு, இந்த வருஷம் பொங்கல் கிடையாது என்று அவள்தான் முதலில் சொன்னவள். பானையைக் கழுவிக் கவிழ்த்து மேலே ஏற்றியும் விட்டிருந்தாள். அவர் நினைத்தது அவளுக்கும் தெரிந்தது போலும்.

“பானதான் வைக்கக்கூடாது. இது செம்பு” என்றாள்.

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“மூஞ்சி சொல்லுதே.”

பால் பொங்கிய வீட்டில் நல்ல வார்த்தை நாலு பேசவேண்டாமா? ராசம்மாவின் கண் மொனிட்டருக்கு மேலே ஒட்டியிருந்த மைக்கில் விழுந்தது. கணினியோடு வந்த மெல்லிய தண்டு மைக் அது. கும்மிக்கு முன்னால் லெட்சுமிக்கு நானும் ரெண்டு வார்த்தை பேசிக்கிறேனே, அதையும் அந்த சிடியில போட்டு அனுப்ப முடியாதா என்று கேட்டாள். முடியும் என்றான். சிரித்த களைப்பில் எதைக் கேட்டாலும் முடியும் என்றுதான் சொல்லியிருப்பான்.

சத்தத்தை எந்த வழியால் எடுப்பது என்று கணினிக்குச் சொல்லவேண்டும். மைக் வழியா, லைன் வழியா? லைன் வழி என்றால் தொலைக்காட்சியின் சத்தம் மட்டும் வயர் வழியே நேரே உள்ளே போய்ப் பதியும். மைக் என்றால் அறையில் கேட்பதெல்லாம். லைனுக்கு நேரே இருந்த சரி அடையாளத்தை எடுத்து மைக்குக்கு நேரே போட்டான்.

“சத்தம் பாக்க முதல்ல சும்மா பேசுங்கோ மாமி.”

ராசம்மா சேலையைச் சரிசெய்துகொண்டாள். மைக்குக்கு மிக அருகில் போய், பள்ளத்தாக்குக்கு அப்பால் நிற்பவளைக் கூப்பிடுவது போல, “லெச்சுமீ! அம்மா பேசுறேன்டி!” என்று கத்தினாள். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தாள்.

“நல்லாருக்கோம்னு சொல்லு” என்றார் சோலைமலை.

“நல்லாருக்கோம்டி! ஒங்கப்பன் குறுக்க குறுக்க பேசுறாரு!”

அப்போதுதான் திரையிலிருந்து உடுக்கையும் தாளமும் கேட்டன. அதற்கு முந்திய ஏதோ ஒரு பேச்சுச் சீக்கிரம் முடிந்திருக்கவேண்டும். அறிவித்த நேரத்துக்கு முன்னாலேயே கும்மி தொடங்கிவிட்டது. மேல்டிவிசன் கோயிலடி, பாவாடை கட்டிய பிள்ளைகள், பின்னால் தேயிலை மலை. கஜதீபன் பாய்ந்து போய்ப் பதிவை அழுத்தினான். சிவப்புப் புள்ளி மின்னியது. அதன் பிறகுதான் மூச்சு விட்டான்.

அவளுடைய குரல் வந்தது.

பாட்டு அவளே கட்டியது. எடுப்பான குரல் அல்ல. கொஞ்சம் கரகரப்பு, மேல் ஸ்தாயியில் மட்டும் சட்டென்று தெளியும். கஜதீபன் கதிரையில் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டான். ராசம்மா தரையில் உட்கார்ந்து மடியில் தாளம் போட்டாள். மூக்கன் கூரையிலிருந்து இறங்கி, ஈரத் தலையோடு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். யார் யாரோ வந்தார்கள், இடித்தார்கள், ஏதேதோ பேசினார்கள். கஜதீபனுக்கு அதெல்லாம் எட்டவில்லை.

கும்மி முடிந்தது. பிள்ளைகள் கலைந்து ஓடுகையில் கெமரா சும்மா பக்கவாட்டில் திரும்பியது. தனுஜா நின்றாள். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கெமராவுக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்து, “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டாள். அதோடு வெட்டிவிட்டு வேறு நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள்.

மழை மட்டும் தகரத்தில் விழுந்தது. சோலைமலை மூக்கைச் சிந்தினார்.

“புடிச்சிட்டீங்களா மாப்பிள்ளை?” என்றாள் ராசம்மா.

“பாப்பம்.”

பதிவைத் தொடக்கத்துக்கு இழுத்து ஓடவிட்டான். படம் அச்சொட்டாக இருந்தது. பிறகு சத்தம் வந்தது. தாளம் தூரத்தில் கேட்டது, அதற்கு மேலே மிக அருகில் ராசம்மாவின் குரல்: “ஐயோ, பால எறக்கி வைங்க, தட்டிறப் போவுது!” அடுத்து மூக்கன்: “கலரு எப்புடி? கம்ப ஆட்டவா?” ஒரு கதிரை இழுபட்டது. “ஆட்டாதடா பாவி!” இது சோலைமலை. இவ்வளவுக்கும் அடியில், அறையின் மறுகோடியிலிருந்து வருவது போலத் தனுஜா பாடினாள்.

கஜதீபன் அமைப்புகளைத் திறந்து பார்த்தான். சரியை மைக்கிலிருந்து லைனுக்கு மாற்றவில்லை. ஒரு கிளிக். அவ்வளவுதான் வேலை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு, அடையாளத்தை மாற்றாமல் விட்டால் கணக்கே கவிழும் என்று தினமும் சொல்கிறவன் அவன்தான்.

“பிழைச்சுப் போச்சு மாமி” என்றான்.

ராசம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குவித்தாள். “பொழச்சிருச்சா! மாரியாத்தா! கேட்டீங்களா, பொழச்சிருச்சாம்!” 

“நான் அப்பவே நெனச்சேன்” என்றார் சோலைமலை. “பால் பொங்குன சகுனம்.”

யாழ்ப்பாணத்தில் பிழைச்சுப் போச்சு என்றால் கெட்டுப்போய்விட்டது. மேல்டிவிசனில் அதற்கு உயிர் தப்பிவிட்டது என்று அர்த்தம். கஜதீபன் விளக்குவதற்கு வாயைத் திறந்தான். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரையை நெருங்கி வந்துவிட்டார்கள். தங்கள் குரலைத் தாங்களே கேட்டு ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். 

“இது யாரு, மூக்கனா? ஏன்டா ஒன் தொண்ட இப்புடித் தகரத்த இழுக்குற மாதிரி இருக்கு?”

“தகரத்து மேலதான ஒக்காந்துருந்தேன்!”

“லெச்சுமி கேட்டான்னா” என்றாள் ராசம்மா, கண்ணைத் துடைத்தபடி, “நம்ம வீட்டுக்குள்ள, நம்மளோட ஒக்காந்து அக்காவப் பாக்குற மாதிரியே இருக்கும் அவளுக்கு. தனியா பாட்ட மட்டும் அனுப்புனா அழுதுகிட்டே கெடப்பா. நீங்க யோசிச்சுத்தான செஞ்சிருக்கீங்க?”

கும்மி வேகமெடுத்திருந்தது. பாட்டு மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் அறையும் அமைதியாகியிருந்தது போலும். அங்கே அவள் குரல் தெளிந்து தனியாக எழுந்தது. கரகரப்பு நீங்கிய அந்த ஓர் அடி முழுசாக இருந்தது. பாடும்போது அருகே பால் செம்பு லேசாக நகர்கிற சத்தமும் இருந்தது.

பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள். கெமரா திரும்பியது. தனுஜா நெற்றியைத் துடைத்தாள்.

“நல்லா இருந்துச்சா?”

“ஓம்” என்றது ஒரு குரல். மைக்குக்குப் பக்கத்தில், தாழ்ந்த குரலில், தயக்கமே இல்லாமல்.

எல்லோரும் கஜதீபனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அப்படிச் சொன்னதாக அவனுக்கு ஞாபகமே இல்லை. பின்னோக்கி இழுத்து மறுபடியும் ஓடவிட்டான். அவள் கேட்டாள். அவன் ஓம் என்றான். நடுவில் இடைவெளி இல்லை. வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, புதிதாய்க் கட்டிய பாட்டைப் பாடிவிட்டு அவள் கேட்கும்போது எப்படிச் சொல்வானோ அப்படியே சொல்லியிருந்தான்.

இன்னொரு தரம் போட்டான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூக்கன்தான் முதலில் வாய் திறந்தான். “மாஸ்டரு அவுங்ககிட்டயும் மந்திரந்தான் சொல்லிருக்காரு.”

“நீ சும்மா இருடா” என்றாள் ராசம்மா. ஆனால் அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுகையும் கூடவே வந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்க அவள் மெனக்கெடவில்லை. “நெசமாத்தானே மாப்பிள்ளை? பொழச்சிருச்சு தானே?”

கஜதீபன் திரையைப் பார்த்தான். நெற்றியில் திருநீறு, பக்கத்தில் பால். தனுஜா புறங்கை நெற்றியில் பட்டபடி நின்றிருந்தாள்.

“ஓம் மாமி” என்றான்.

லயமே சிரித்தது. சோலைமலை செம்பை எடுத்துக் கோப்பைகளில் ஊற்றினார். தேயிலை போடாமல், சீனி மட்டும் போட்ட பால். 

“ஆட படிஞ்சிருச்சு” என்றாள் ராசம்மா, கோப்பையை நீட்டியபடி. “எடுத்துப் போட்டுட்டுக் குடிங்க.”

அவன் எடுத்துப் போடவில்லை. ஆடையோடேயே குடித்தான்.